தொழுநோய்த் தீவுக்கு ஒரு மேயர்

1995 மே மாதம் பிலிப்பைன்ஸ் முழுவதும் தேர்தல் நடந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் அன்று தங்கள் மேயர்களையும் மன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்தன. அவற்றில் ஒன்று, பலாவான் மாகாணத்தின் வடகோடியில், கலமியான் தீவுக்கூட்டத்தில் இருக்கும் கூலியோன். மற்ற ஊர்களுக்கு அது வழக்கமான தேர்தல். கூலியோனுக்கு அதுதான் முதல் தேர்தல். வென்று மேயரானவர் ஹிலாரியோன் கியா. அதே தீவில் சிகிச்சை பெற்ற முன்னாள் தொழுநோயாளி. அதற்கு முந்தைய ஒன்பது பத்தாண்டுகளில் பெரும்பகுதி அந்தத் தீவின் தலைமை, அரசு நியமித்த மருத்துவர் ஒருவரின் கையில் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு ‘நோயாளி’ என்றே பெயர். ‘ஊர்க்காரர்’ என்று யாரும் சொன்னதில்லை. கூலியோனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மருந்து வென்ற கதையாகவே அதை எழுதுகிறார்கள். அந்தக் கதை பாதிதான். மருந்து உடலிலிருந்து கிருமியை விரட்டும். ஓர் இடத்தின் மேல் ஒட்டிக்கொண்ட பெயரை விரட்டாது. அந்த வேலையைச் செய்தவை ஒரு சட்டமும், ஒரு வாக்குப்பெட்டியும், தங்கள் கடந்த காலத்தை மறைக்க மறுத்த சில மனிதர்களின் துணிவும்தான்.

அமெரிக்கர்கள் வருவதற்கு முன்பே கூலியோனுக்கு வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ரெகொலெக்ட் துறவிகள் அங்கே கோட்டையும் கோயிலும் ஒன்றான கட்டடத்தை எழுப்பினார்கள். தெற்கேயிருந்து வந்த மோரோ கடல் தாக்குதல்களிலிருந்து ஊரைக் காக்க அது தேவைப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே தக்பனுவா பழங்குடியினர் அந்தக் கடலை நம்பி வாழ்ந்துவந்தார்கள். 1898இல் ஸ்பெயினிடமிருந்து நாட்டைக் கைப்பற்றிய அமெரிக்க நிர்வாகம், தொழுநோயாளிகளை ஒரே இடத்தில் அடைக்க ஒரு தீவைத் தேடியது. நல்ல துறைமுகம், குடிநீர், போதிய நிலம், எல்லாவற்றுக்கும் மேலாக மணிலாவிலிருந்து எட்டாத தொலைவு என்று பார்த்துக் கூலியோன் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1904இல் தீவு அதற்காக ஒதுக்கப்பட்டது. குடியிருந்தவர்கள் அக்கம்பக்கத் தீவுகளுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். 1906 மே 27 அன்று செபுவிலிருந்து இரண்டு கடலோரக் காவல் கப்பல்களில் முதல் 370 நோயாளிகள் வந்து இறங்கினார்கள். மறு ஆண்டே 1711ஆம் எண் சட்டம் வந்தது. தொழுநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் எவரையும் பிடிக்கவும், சோதிக்கவும், காலவரையின்றித் தனிமைப்படுத்தவும் சுகாதாரத் துறைக்கு அது அதிகாரம் தந்தது. குற்றம் செய்தவனுக்காவது தண்டனைக்காலம் உண்டு. இவர்களுக்கு அது கூட இல்லை. ‘திரும்பி வராதவர்களின் தீவு’ என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை.

1930களின் நடுவில் ஏறத்தாழ 7,000 நோயாளிகள் அங்கே இருந்தார்கள். உலகிலேயே பெரிய தொழுநோய்க் குடியிருப்பு என்று அது அறியப்பட்டது. ஒரே மலைச்சரிவை வாயிற்கதவுகள் இரண்டாகப் பிரித்தன. ஒரு பக்கம் ‘சானோ’, அதாவது நோயற்றவர்கள்: மருத்துவர்கள், செவிலியர்களான கன்னியர், ஊழியர்கள். மறு பக்கம் நோயாளிகள். இந்தப் பிரிவினையின் முழுப் பொருளையும் அறிய அங்கே புழங்கிய காசு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். 1913இல் கூலியோனுக்கென்றே தனி நாணயம் அடிக்கப்பட்டது. அலுமினியம், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அரை சென்டாவோ முதல் ஒரு பெசோ வரை ஆறு மதிப்புகள், எல்லாவற்றிலும் குடியிருப்பின் பெயர். நோயாளி தொட்ட காசு வெளியே போய்விடக்கூடாது என்பதுதான் நோக்கம். அந்தக் காசுகளைக் கிருமிநாசினியில் கழுவக் கழுவ அலுமினியம் அரித்துப்போனது. 1920க்குப் பின் வேறு உலோகத்துக்கு மாறினார்கள். பின்னாளில் தேசநாயகர் ஹோசே ரிசாலின் உருவத்தோடும் காசு வந்தது. நாட்டின் விடுதலைச் சின்னமான முகம், நாட்டின் எந்தக் கடையிலும் செல்லாத ஒரு காசின் மேல். அந்தத் தீவில் இருந்தவர்களின் குடியுரிமையும் ஏறக்குறைய அந்தக் காசின் மதிப்புக்கே நின்றது.

உடலை அடைத்தது போதாது என்று உறவையும் அடைக்கப் பார்த்தார்கள். தொடக்கத்தில் ஆண்களும் பெண்களும் பிரித்து வைக்கப்பட்டார்கள். பிறகு திருமணத்துக்கு இடம் கொடுத்தார்கள். குழந்தைகள் பிறந்ததும் நிர்வாகம் மீண்டும் யோசித்து, 1920களின் இறுதியில் தடை போட்டது. 1932இல் இளைஞர்கள் பொறுமை இழந்து பெண்கள் விடுதியை முற்றுகையிட்டார்கள். அன்றைய நாளிதழ்களில் அடிபட்ட சீனப் போர்க்களத்தின் பெயரால், ‘மஞ்சூரியா’ என்றே அந்தக் கிளர்ச்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. விடுதியில் இருந்த பெண்கள் அன்று எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்பதையும் மறக்காமல்தான் அதைப் பேச வேண்டும். ஆனாலும் தடை அதன்பின் நீடிக்கவில்லை. குழந்தைகள் கதை இன்னும் கொடியது. நோயாளிகளுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து, பலாலா என்ற இடத்திலிருந்த காப்பகத்தில் வளர்த்தார்கள். பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாம், தொட முடியாது. குறிப்பிட்ட வயதுக்குள் உறவினர் யாரும் ஏற்காவிட்டால் பிள்ளை தத்துக்கோ மணிலாவின் அரசு விடுதிக்கோ போகும். பிள்ளைக்கு நோய் ஒட்டக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது உண்மை. தாயின் கை ஒரு தொற்றுப்பொருளாகக் கணக்கிடப்பட்டதும் உண்மை.

இதைப் படிப்பவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி நியாயமானது: அன்றைய அறிவியல் அதுதானே? 1873இல் ஹான்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். நார்வேயில் தனிமைப்படுத்தியபின் நோய் குறைந்தது. 1897இல் பெர்லினில் கூடிய உலக மாநாடு தனிமைப்படுத்தலையே பரிந்துரைத்தது. 1906இல் ஒரு மருத்துவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? இதற்கு விடை அதே நார்வேயில் இருக்கிறது. அங்கே நோயாளி வீட்டிலேயே தனி அறையில் இருக்கலாம். முடியாதவர்கள்தாம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணிலாவிலிருந்த நிர்வாகம் அந்த முன்மாதிரியின் கண்டிப்பை எடுத்துக்கொண்டு, அதன் மனிதத்தன்மையை விட்டுவிட்டது. தன் நாட்டில் தன் மக்களுக்குச் சட்டம் இயற்றுகிறவன் கை கூசும்; பிடித்த நாட்டில் அந்தக் கூச்சம் இருப்பதில்லை. விளைவும் எதிர்மாறானது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் நோயின் தொடக்கத்தில் இருந்தவர்கள் ஒளிந்தார்கள். முற்றிய பிறகே கண்ணில் பட்டார்கள். 1930களில் செபு உட்பட மாகாணங்களில் வட்டாரச் சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டதே, ஒரே தீவில் அடைக்கும் கொள்கை தோற்றுவிட்டது என்பதற்கு அரசே எழுதித் தந்த ஒப்புதல். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பது இன்று தெரிந்த செய்தி. அதை அன்றைய மருத்துவர்கள் அறியவில்லை என்று குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தங்கள் கொள்கை நோயாளிகளை விரட்டுகிறது என்பது அவர்கள் கண் முன்னே தெரிந்தது.

அந்த மருத்துவர்களுக்கு உரிய மதிப்பைக் கொடுக்காமல் போனால் இந்த வாதம் நேர்மையாக இருக்காது. குடியிருப்பை நிறுவிய விக்டர் ஹைசர் காலத்தில் சால்மூக்ரா எண்ணெயே மருந்து. நம் சித்த மருத்துவம் தொழுநோய்க்குப் பயன்படுத்தும் நீரடிமுத்தும் அதே குடும்பத்து மரத்தின் விதைதான். குடித்தால் குமட்டும் அந்த எண்ணெயை ஊசிவழி செலுத்த மணிலாவில் வழி கண்டார்கள். 1920களில் தலைமை ஆளுநராக இருந்த லியோனார்ட் உட் மருத்துவர்களையும் நிதியையும் தீவுக்குத் திருப்பினார். 1931இல் மணிலாவில் கூடிய மாநாட்டில் சர்வதேசத் தொழுநோய்க் கழகம் பிறந்தது. அதன் ஆய்விதழை ஆண்டுக்கணக்கில் தொகுத்தவர், கூலியோனிலேயே வாழ்ந்த நோய்க்கூறியல் அறிஞர் விண்ட்சர் வேட். அந்தக் கழகத்தின் முதல் செயலாளர் ராபர்ட் காக்ரேன், சில ஆண்டுகளில் நம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார். எண்ணெயின் காலத்தை முடித்துவைத்த டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்த இடங்களில் செங்கல்பட்டும் ஒன்று. ஆக, கூலியோனின் கதவுகளைத் திறந்த மருந்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின் நோய் முழுமையாகக் குணமாகும் காலம் வந்தது. 2006இல், முதல் கப்பல் வந்த நூறாவது ஆண்டில், கூலியோனில் தொழுநோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

ஆனால் மருந்தின் வெற்றி எங்கே போய் முட்டி நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். டாப்சோனுக்கு முன்பே, 1920களிலிருந்தே, சோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்தவர்களுக்கு வீடு திரும்ப அனுமதி கிடைத்தது. பலர் போகவில்லை. போனவர்களிலும் பலர் திரும்பி வந்தார்கள். சொந்த ஊரில் கதவு திறக்கவில்லை. விரல் மடங்கிய கைக்கு வேலை இல்லை. கூலியோனிலிருந்து வந்தவன் என்ற ஒரு சொல் போதும், கிணற்றடி காலியாகிவிடும். சட்டமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. வீட்டிலேயே தனிமைப்படுத்தலாம் என்று 1952இல் ஒரு சட்டம், கட்டாயத் தனிமைப்படுத்தலைப் பெருமளவு கைவிட்ட இன்னொரு சட்டம் 1964இல். மருந்து வந்து நெடுநாள் ஆகும் வரை பழைய சட்டத்தின் நிழல் நீங்கவில்லை. 1980களில் தீவில் பெரும்பாலோர் நோய் நீங்கியவர்கள், அல்லது நோயே வராத பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆனாலும் அவர்கள் வாழ்ந்தது ஒரு மருத்துவமனை வளாகத்தில். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது? மருத்துவமனைத் தலைவரிடம். எந்த நோயும் இல்லாத ஒருவன் தெருவிளக்குக்காக மருத்துவரிடம் மனு கொடுக்க வேண்டியிருப்பதும் ஒரு நோய்தான். அதற்கு மாத்திரை கிடையாது.

அதற்கான மருந்து 1992 பிப்ரவரியில் வந்தது. 7193ஆம் எண் குடியரசுச் சட்டம் கூலியோனைப் பேரூராட்சியாக அறிவித்தது. பார்த்தால் காகிதத்தில் ஒரு மாற்றம். ஆனால் அதன்பின் ஊருக்கு மேயரும் மன்றமும் வந்தன. பராங்காய் எனப்படும் சிற்றூராட்சிகள் தங்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தன. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வளர்த்த பலாலா இன்று அப்படியொரு பராங்காயின் பெயர். அங்கே இன்று பிறக்கும் குழந்தைக்கு அது முகவரி. வேறு பொருள் இல்லை. நிர்வாகத்துக்குக் கீழ் இருப்பவன் கோரிக்கை வைப்பான். ஊராட்சியில் இருப்பவன் கணக்குக் கேட்பான். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினால், இரண்டாம் உலகப் போர்க்காலத்தை நினைத்துப் பார்க்கலாம். ஜப்பானியர் நாட்டைப் பிடித்ததும் மணிலாவிலிருந்து வரும் உணவுக் கப்பல்கள் நின்றன. வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பியே வைக்கப்பட்டிருந்த தீவில் மக்கள் பசியிலும் நோயிலும் பெருந்தொகையாக மடிந்தார்கள். சுற்றிலும் மீன் நிறைந்த கடல். கப்பலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தைக் கொடுத்ததன் விலை அது. காப்பாற்றப்படுகிறவர்களாகவே வைக்கப்பட்ட மக்கள், காப்பவன் கை விட்ட நாளில் வீழ்கிறார்கள்.

‘ஊராட்சி என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா, வருவாய்க்கு எங்கே போவது?’ என்பது இரண்டாவது மறுப்பு. இருபதாயிரத்துக்குச் சற்று அதிகமான மக்கள், மீன்பிடியையும் சிறு விவசாயத்தையும் நம்பிய தீவு, மணிலாவிலிருந்து வரும் வரிப்பங்கு இல்லாமல் ஒரு நாள் ஓடாத நிர்வாகம். சுகாதாரத் துறையின் கையில் இருந்தபோது கிடைத்த இலவச உணவும் மருத்துவமும் போய், ஏழை ஊர்களில் இன்னொன்று சேர்ந்ததுதானே மிச்சம் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் பிலிப்பைன்சின் பெரும்பாலான சிறு பேரூராட்சிகளின் நிலை அதுவே. தேசிய வரிப்பங்கு யாரும் போடும் பிச்சை இல்லை. சட்டப்படி ஊருக்கு வர வேண்டிய பங்கு. அதே சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரையும் ‘தன் காலில் நிற்க முடியாது, ஆகவே மருத்துவமனையின் கீழ் கொண்டுவரலாம்’ என்று யாரும் சொல்வதில்லை. கூலியோனைப் பார்த்து மட்டும் அந்தக் கேள்வி எழுகிறதென்றால், கேட்பவர் மனதில் அது இன்னும் நோய்த்தீவாகவே இருக்கிறது என்று பொருள். மருத்துவமும் போய்விடவில்லை. பழைய தொழுநோய் இல்லம் இன்று பொது மருத்துவமனை. பக்கத்துத் தீவுகளிலிருந்தும் பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் அங்கே வருகிறார்கள். எந்தத் தீவை விட்டு ஓடினார்களோ அதே தீவுக்குக் குணமடைய வருகிறார்கள். மூன்று தலைமுறைக்கு முன்பு நினைத்தும் பார்த்திருக்க முடியாத பயணம் அது.

கூலியோன் எவ்வளவு அரியது என்று அறிய மற்ற தீவுகளைப் பார்க்க வேண்டும். ஹவாயில் மொலோக்காய் தீவின் கலாவுபாப்பா 1866 முதல் 1969 வரை கட்டாயத் தனிமை இடமாக இருந்தது. 1980இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. அந்தக் குடியிருப்பு அமைந்த கலவாவோ வட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி கிடையாது. மாநில சுகாதாரத் துறையே இன்றும் நிர்வகிக்கிறது. கடைசி நோயாளியோடு அந்த ஊரும் முடியும். ஜப்பானில் நிலை இன்னும் கொடியது. அங்கே இல்லங்களில் திருமணம் செய்துகொள்ள விரும்பியவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். கருவுற்ற பெண்களுக்குக் கருக்கலைப்பு செய்தார்கள். தனிமைப்படுத்தும் சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கி இழப்பீடு தரச் சொன்னது. அரசும் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, இழப்பீடு வந்தது, பேரப்பிள்ளைகள் வரவில்லை. முதியவர்கள் மட்டும் மிஞ்சிய அந்த இல்லங்கள் எந்நாளும் ஊர் ஆக முடியாது. கூலியோனில் 1932இல் அடங்க மறுத்தார்களே, அதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. வாரிசு இல்லாமல் ஊர் இல்லை. தீவின் நிறுவனர்கள் என்று கல்வெட்டில் பெயர் பொறிக்க வேண்டுமென்றால், ஹைசருக்கும் உட்டுக்கும் பக்கத்தில், மணம் செய்யவும் பிள்ளை பெறவும் உரிமை கேட்ட அந்தப் பெயர் தெரியாத நோயாளிகளுக்கும் இடம் வேண்டும். உண்மையில் முதலிடமே வேண்டும்.

மூன்றாவது மறுப்பு ஊருக்குள்ளிருந்தே வரக்கூடியது, ஆகவே மிகவும் கவனிக்க வேண்டியது: ஊரான பிறகும் பழங்கதை எதற்கு? கூலியோன் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் பார்வை தன் கைவிரலுக்குப் போகும் என்றால், மணிலாவில் வேலை தேடும் இளைஞன் ஊர்ப்பெயரை மறைக்கத்தான் பார்ப்பான். பெயரையே மாற்றி, பழைய கட்டடங்களை இடித்து, புதிதாகத் தொடங்கியிருக்கலாமே? அந்த வழியை அந்த ஊர் எடுக்கவில்லை. நோயாளிகளின் வழிவந்தவரும் மருத்துவமனையை வழிநடத்தியவருமான ஆர்ட்டுரோ குனானன் போன்றவர்கள், சிதைந்துகொண்டிருந்த பதிவேடுகளையும் புகைப்படங்களையும் கருவிகளையும் காத்து ஓர் அருங்காட்சியகமாக நிலைநிறுத்தினார்கள். 2018இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் அந்த ஆவணங்கள் இடம்பெற்றன. மறைப்பவன் தன் ரகசியத்தை அடுத்தவன் கையில் கொடுக்கிறான். எப்போது வேண்டுமானாலும் அதை வைத்து அடிக்கலாம். தானே எழுதி, தானே கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டால் அடிக்க ஆயுதம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளையைத் தத்துக்குக் கொடுத்த குடும்பங்களுக்கு அந்தப் பதிவேடுகள் வரலாற்றுப் பொருள்கள் அல்ல. ரத்த உறவைத் தேடும் வழி. அதை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, பிரித்தவர்களின் வேலையை முடித்துக்கொடுப்பதாகும்.

துறைமுகத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது ஊரின் மேலிருக்கும் மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் வரைந்த ஒரு பெரிய கழுகு. பிலிப்பைன்ஸ் சுகாதாரப் பணித்துறையின் முத்திரை அது. 1926இல் நோயாளிகள் கடலிலிருந்து பவளக் கற்களைச் சுமந்து மலையேறி அதை அமைத்தார்கள். உணர்வு மரத்த விரல்களுக்குக் கல்லின் கூர் தெரியாது; காயம் பட்டாலும் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கைகள் அடுக்கிய கற்கள் அவை. தங்களை அடைத்துவைத்த துறையின் முத்திரையைத் தாங்களே அமைத்தார்களே என்று ஒருவர் வருந்தலாம். ஆனால் இன்று அந்தத் துறையின் ஆட்சி போய்விட்டது, கழுகு இருக்கிறது. ஊர் அதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. உச்சிவரை ஏறிப் பார்த்தால் கீழே சிவந்த கோயிலும், பழைய கோட்டையின் மிச்சமும், மீன்பிடிப் படகுகளும், பள்ளிப்பிள்ளைகள் ஏறி இறங்கும் சரிவுத் தெருக்களும் தெரியும். எந்தக் கதவு எந்தத் தெருவைப் பிரித்தது என்று யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நினைவுக்கும் ஒரு ஆபத்து உண்டு. பக்கத்தில் இருக்கும் கோரோன், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடம். படகில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கூலியோனுக்கு வந்துவிடலாம். கடலில் முக்குளித்த மறுநாள் ‘தொழுநோய்த் தீவு’ பார்க்க ஒரு பயணம் என்று விளம்பரம் செய்வது எளிது. 2019இல் தீவின் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. துயரத்தைக் காட்சிப்பொருளாக்கும் இந்த வணிகத்தைத் தடுக்க ஒரே வழி, கதையைச் சொல்லும் உரிமையும் அதில் வரும் வருவாயும் ஊர்க்காரர்கள் கையில் இருப்பதுதான். உள்ளாட்சி என்ற ஒன்று இல்லாமல் அது நடக்காது. அதே அளவுகோலை ஊரும் தனக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 1904இல் குடிபெயர்க்கப்பட்டவர்கள், அதற்கு முன்பிருந்தே அந்தக் கடலின் மீதும் திட்டுகளின் மீதும் உரிமை கொண்ட தக்பனுவாக்கள் ஆகியோரின் கதை அருங்காட்சியகத்தின் ஓர் ஓரத்தில் முடிந்துவிடக்கூடாது. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய ஊர், தான் வருவதற்காக ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை நமக்கு எட்டாத தொலைவில் நடந்தது போலத் தோன்றலாம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தொழுநோய்க் குடியிருப்புகள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. ஆங்கிலேயர் 1898இல் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2016இல். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019 வரை நம் தனிநபர் சட்டங்களில் இருந்தது. கூலியோனில் முன்னாள் நோயாளி மேயராகிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2008இல், ஒடிசாவில் உள்ளாட்சித் தேர்தலில் வென்ற ஒருவரின் பதவி தொழுநோயைக் காரணம் காட்டிப் பறிக்கப்பட்டது செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் அப்படிச் சொன்னது. சட்டமன்றம் இதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மருந்து நம்மிடம் குறைவில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. குறைவது வேறு.

கூலியோன் கற்றுத்தரும் பாடம் இரக்கத்தைப் பற்றியதல்ல. இரக்கம் அந்தத் தீவில் முதல் நாளிலிருந்தே இருந்தது. கன்னியரும் மருத்துவர்களும் கொடையாளர்களும் அதைத் தாராளமாகவே கொடுத்தார்கள். அவ்வளவு இரக்கத்துக்கு நடுவிலும் எண்பத்தாறு ஆண்டுகள் அது ஊர் ஆகவில்லை. ஊராக்கியது உரிமை. நம் ஊர்களுக்கு வெளியே இருக்கும் தொழுநோய்க் குடியிருப்புகளுக்குப் போர்வையும் அரிசியும் கொடுக்கும் நல்ல மனங்கள் அதோடு நிற்க வேண்டாம். அங்கே குடியிருப்பவர் பெயரில் மனைப்பட்டா இருக்கிறதா, அந்தத் தெரு எந்த வார்டில் வருகிறது, அந்த வார்டின் உறுப்பினர் கடைசியாக எப்போது அங்கே வந்தார் என்று அடுத்த முறை கேளுங்கள்.